கடையில் பன்றிச்சாறு, வாசலில் சைவப் பலகை

முகப்பேர் வட்டாரத்தில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு ஒரு வாசகம் நன்றாய்ப் பழக்கமாயிருக்கும். "சுத்த சைவக் குடும்பத்தார்க்கு மட்டும்" என்பது அது. சில கட்டிடங்களில் பலகை இராது. ஆனால் தரகர் வாயைத் திறந்தவுடன் கேட்கிற முதற்கேள்வி "நீங்கள் சைவமா?" என்பதாகவே இருக்கும். இதன் அர்த்தம் "நீ என்ன தின்கிறாய்" என்பதல்ல, "நீ எந்த வீட்டில் பிறந்தாய்" என்பதுதான் என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும். சாதியை நேரே கேட்பது நாகரிகமில்லை என்று ஏற்பட்டுவிட்டபடியால், அதற்குச் சமையலறைப் பக்கமாக ஒரு கொல்லைக்கதவு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2014ஆம் ஆண்டு சர்க்கார் எடுத்த மாதிரிக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 97 பேருக்கு மேல் புலால் உண்பவர்கள். மீதி மூன்று பேருக்கும் குறைவானவர்களுக்காக இத்தனை பலகைகளா? இல்லை. பலகை மாட்டுகிறவர்களிலேயே பாதிப்பேர் அந்த 97இல் சேர்ந்தவர்கள் என்பதுதான் நாம் இங்கு எழுதப் புகுந்த சங்கதி.

முகப்பேரில் நமக்கு ஒரு நண்பர் உண்டு. சைவக் குடும்பத்தில் பிறந்தவர். படித்தவர், நல்ல உத்தியோகம். நாற்பது வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்றில் சொந்தமாய் ஒரு வீடு வாங்கியிருக்கிறார். அவர்தான் நம்மைச் சென்ற மாதம் ஒரு ஜப்பானியர் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனார். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பான் கம்பெனிகள் வந்த பிறகு சென்னையில் இம்மாதிரிக் கடைகளும் வந்திருக்கின்றன. அங்கே "ராமென்" என்று ஒன்று தருகிறார்கள். பெயரைக் கேட்டு யாரும் பக்திப் பரவசம் அடைய வேண்டாம். ராமனுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. பெரிய கிண்ணத்தில் கொதிக்கக் கொதிக்கச் சாறு, அதில் கோதுமை இழைகள், மேலே பன்றியிறைச்சித் துண்டு இரண்டு, பாதியாய் அறுத்த முட்டை, வெங்காயத்தாள். பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்க விட்டு, கொழுப்பும் மஜ்ஜையும் கரைந்து பால்போல் வெளுத்த சாறு அது. இடியாப்பத்தை ஆட்டுக்கால் பாயாவில் நனைத்துத் தின்றவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பாயாவுக்கு ஆடு, இதற்குப் பன்றி. கிண்ணம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் என்பது ஒன்றுதான் நமக்குச் செரிக்கவில்லை. பர்மாவிலிருந்து விரட்டப்பட்டு 1960களில் வந்து சேர்ந்த தமிழர்கள் கடற்கரை ரயில் நிலையப் பக்கம் தள்ளுவண்டியில் விற்கத் தொடங்கிய அத்தோவும் இந்தக் கோதுமை இழைதான். அதைத் தெருவில் நின்றுகொண்டே தின்னலாம், விலையும் கொஞ்சம்.

நண்பர் இரண்டு குச்சிகளைக் கொண்டு லாவகமாய்த் தின்றார். கிண்ணத்தை இரு கையாலும் தூக்கி உதட்டில் வைத்துச் சாற்றைக் கடைசித் துளிவரை குடித்தார். ஜப்பானில் இழையைச் சத்தம்போட்டு உறிஞ்சுவது மரியாதைக் குறைவல்லவாம். பாத்திரம் உதட்டில் பட்டால் எச்சில் என்று அண்ணாந்து குடிக்கப் பழக்கிய குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். நமக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இரண்டு மேசை தள்ளி அவருடைய கட்டிடத்துச் சங்கக் காரியதரிசியும் குடும்பத்தோடு உட்கார்ந்து அதே கிண்ணத்தைக் காலி செய்துகொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்கள். ஏனென்று கேட்டோம். அவர்கள் கட்டிடத்தில் சைவர்களுக்குத் தவிர மற்றவர்களுக்கு வாடகைக்கு விடக்கூடாது என்று சங்கம் விதி செய்திருக்கிறதாம். விதியை எழுதினவர் அந்தக் காரியதரிசி. கையெழுத்திட்டவர்களில் நம் நண்பரும் ஒருவர்!

தோழர்களே, இந்த வேடிக்கைக்கு ஜப்பானே ஒரு பாடம் வைத்திருக்கிறது. கி.பி. 675இல் தென்மு என்ற மன்னன், பௌத்த மதத்தின் பேரால், மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி இவற்றைத் தின்னக்கூடாது என்று வருஷத்தில் சில மாதங்களுக்குத் தடை போட்டான். பிறகு வந்த தடைகளும் சேர்ந்து ஏறக்குறைய 1200 ஆண்டுகள் அந்நாட்டில் இறைச்சி பாவமென்றே இருந்தது. பாவமென்றால் தின்னாமலிருந்தார்களா? காட்டுப்பன்றிக்கு "மலைத் திமிங்கிலம்" என்று பெயர் வைத்து, மீன் வகையில் சேர்த்துத் தின்றார்கள். மருந்துக்காகத் தின்கிறோம் என்றும் சொல்லிக்கொண்டார்கள். பித்தலாட்டம் எந்த நாட்டுக்கும் தனிச்சொத்தல்ல. 1872இல் மெய்ஜி சக்கரவர்த்தி தாம் மாட்டிறைச்சி உண்பதை ஊரறியச் செய்தார். நாட்டின் புனிதம் போயிற்றென்று சில துறவிகள் அரண்மனைக்குள் புகப்போய், காவலர் கையில் உயிர்விட்டதுதான் மிச்சம். ஜப்பான் அழிந்து போகவில்லை.

இந்த ராமெனும் அவர்கள் பிதிரார்ச்சித சொத்தல்ல. சீனரிடமிருந்து வந்தது. "சீன இழை" என்றே முதலில் பெயர். 1910இல் டோக்கியோவின் அசாகுசாவில் "ராய்ராய்க்கென்" என்ற கடையைத் திறந்தவர், யோகோஹாமா சீனத்தெருவிலிருந்து சமையற்காரர்களைக் கொண்டுவந்து வைத்துத்தான் வியாபாரம் செய்தார். பன்றி எலும்புச் சாறு 1937இல் குருமே நகரத்து வண்டிக்கடை ஒன்றில் பிறந்தது. யுத்தத்தில் தோற்றுப் பட்டினி கிடந்தபோது அமெரிக்கக் கோதுமை மாவு இதை நாடெங்கும் பரப்பிற்று. 1958இல் வெந்நீர் ஊற்றினால் வேகும் இழையைச் செய்து உலகத்துக்கெல்லாம் விற்ற மோமோபுக்கு ஆண்டோ தைவானில் பிறந்தவர். தடையை விட்டு, அந்நியன் அடுப்பில் வெந்ததை வாங்கித் தின்றதால் வந்த செல்வம் இது.

இதனால் ஜப்பானைச் சமத்துவ சுவர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. பிணம், தோல், இறைச்சி இவற்றைத் தொட்டு வேலை செய்தவர்களை அங்கேயும் தீண்டாதார் என்று ஊருக்கு வெளியே வைத்திருந்தார்கள். 1871இல் சர்க்கார் உத்தரவு அந்த இழிபெயர்களை ஒழித்தது. உத்தரவு ஒழித்ததை ஊரார் ஒழிக்கவில்லை. ஆகவேதான் 1922இல் அம்மக்கள் கியோட்டோவில் கூடிச் "சுய்ஹெய்ஷா" என்ற சமத்துவ சங்கத்தைத் தாங்களே தொடங்கினார்கள். மாமிசத்தைத் தின்னத் துணிந்த ஊர், அதை அறுத்துக் கொடுத்தவனைப் பக்கத்தில் குடிவைக்கத் துணியவில்லை. இதுதான் கவனிக்க வேண்டியது. நாக்கு திருந்தினால் புத்தி திருந்திவிட்டது என்று அர்த்தமில்லை.

நம் கதையும் அதுவே. 1925இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்றதை எதிர்த்துத் தமிழ்நாடே கொதித்தது. ரயில் நிலையச் சாப்பாட்டுச் சாலைகளில் பார்ப்பனருக்குத் தனியிடம் என்பது 1941இல்தான் ஒழிந்தது. ஓட்டல் பலகையில் "பிராமணாள்" என்ற சொல்லை அழிக்க 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் நாள்தோறும் மறியல் செய்து பலர் சிறை போனார்கள். இன்று அந்தச் சொல்லைப் போட எவனும் துணியான். அதற்குப் பதிலாகச் "சுத்தம்" என்ற சொல் வந்திருக்கிறது. 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடம் ஒன்றில் சைவருக்கு வேறு வாசல், கைகழுவ வேறு தொட்டி என்று தாள் ஒட்டி, எதிர்ப்புக் கிளம்பியபின் கிழித்தார்கள். 2024 மார்ச்சில் ஜொமாட்டோ கம்பெனி சைவச் சாப்பாடு கொண்டுபோகத் தனிப்படையும் பச்சைச் சட்டையும் அறிவித்து, மறுநாளே பச்சைச் சட்டையைக் கைவிட்டது. காரணம் கேட்டீர்களா? சிவப்புச் சட்டைத் தொழிலாளி கறி கொண்டுவருகிறான் என்று எண்ணிக் குடியிருப்புச் சங்கங்கள் அவனை உள்ளே விடாமல் தடுக்கக்கூடும் என்று கம்பெனித் தலைவரே சொன்னார். நம் சங்கங்களின் யோக்கியதைக்கு இதைவிட நற்சாட்சிப் பத்திரம் வேண்டுமா?

மரக்கறி உண்பவர்மீது நமக்கு யாதொரு விரோதமுமில்லை. ஒருவன் கத்தரிக்காய் தின்னட்டும், ஒருவன் கருவாடு தின்னட்டும். தன் அடுப்பில் எது வேகவேண்டும் என்று சொல்ல அவனவனுக்குப் பூரண உரிமை உண்டு. அடுத்தவன் அடுப்புக்கு விதி எழுதுவதற்குத்தான் உரிமையில்லை. நாற்றம் என்கிறார்கள். பெருங்காயம் மணக்கிறதா? சாம்பிராணிப் புகை ஜன்னல் தாண்டாதா? நாற்றமென்றால் ஜன்னலுக்கு வழி செய்யலாம், புகைபோக்கி வைக்கலாம். அது கொத்தனார் வேலை. அதற்கு ஒருவன் பிறப்பை விசாரிப்பானேன்?

இவ்வளவும் சொல்லி நண்பரைக் கேட்டோம். "எனக்கு வித்தியாசமில்லை தோழரே, ஆனால் நாலு பேருக்குப் பயந்துதானே இருக்க வேண்டியிருக்கிறது" என்றார். அந்த நாலு பேர் யார் என்று விசாரித்ததில், ஒருவர் அந்தக் காரியதரிசி. ஒருவர் வெளிநாடு போய்வந்து எல்லாமே தின்கிறவர். ஒருவர் வீட்டுக்கு ஞாயிறுதோறும் பிரியாணிப் பொட்டலம் இரட்டைப் பையில் மறைந்து வருகிறது. நாலாவது பேர் உண்மையாகவே சைவம். வயதான ஓர் அம்மையார். அவருக்கு யார் எதைத் தின்றாலும் ஆட்சேபணை இல்லையாம். அவரை யாரும் கேட்டதே இல்லை! ஆக, ஒருவருக்கொருவர் பயந்து, இல்லாத ஒரு சைவனுக்காக எல்லோருமாய்க் காவல் காக்கிறார்கள். இதற்கிடையில், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு குடும்பம் அந்தக் கட்டிடத்தில் காலியாயிருந்த வீட்டைப் பார்த்துப் பிடித்து, முன்பணமும் கையில் கொண்டுவந்து, "சைவமா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று உண்மையைச் சொன்ன குற்றத்திற்காகத் திரும்பிப் போயிருக்கிறது. பொய் சொல்லியிருந்தால் வீடு கிடைத்திருக்கும்.

விதியை நீக்கவேண்டும் என்று அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருவதாக நண்பர் இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார். தீர்மானத்தை நாமே எழுதிக் கொடுத்துவிட்டோம், மூன்றே வரி. வழிமொழிய ஓர் ஆள் வேண்டும். முதலில் அந்த அம்மையாரைக் கேட்கச் சொல்லியிருக்கிறோம்.