வென்ற அணியைக் கலைக்காதீர்கள்

ஒரு சீசன் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை உள்ள மாதங்களைச் சென்னையின் எஃப்சி ரசிகர்கள் பதற்றத்தோடுதான் கழிக்கிறார்கள். யார் வருகிறார் என்பதைவிட யார் போகிறார் என்பதே பேச்சு. புதுக்கோட்டைப் பக்கத்து எங்கள் ஆலங்குடியிலும் அந்தப் பேச்சு உண்டு. கபடியும் மாடுபிடியும் கோலோச்சும் இந்த வட்டாரத்தில் கால்பந்து பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் கைப்பேசியில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பார்க்கும் பையன்களுக்கு அணியில் யார் எந்த இடத்தில் ஆடுகிறார் என்பது மனப்பாடம். கஷ்டம் என்னவென்றால், அந்தப் பாடத்தை வருடாவருடம் மறந்துவிட்டுப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது. ஆட்களை எடுப்பதும் விடுவதும் கிளப்பின் உரிமை, அதில் சண்டையில்லை. அந்த உரிமையைச் சென்னையின் எஃப்சி பயன்படுத்திவந்த விதம்தான் தவறு.

பழைய கணக்கைப் புரட்டினாலே தெரியும். 2015 டிசம்பரில் கோவாவின் ஃபதோர்தா மைதானத்தில், ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்த இரண்டு கோல்களால் எஃப்சி கோவாவை 3-2 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்தோம். சென்னை வெள்ளத்தால் சொந்த ஊர் அரையிறுதியையே புனேயில் ஆடவேண்டியிருந்த வருடம் அது. அந்த சீசனில் 13 கோல் போட்ட கொலம்பியாக்காரர் ஸ்டீவன் மென்டோசா அடுத்த வருடம் இல்லை. பிரேசில்காரர் எலானோவும் இல்லை. 2016-இல் எட்டு அணிகளில் ஏழாவது இடம்.

2018 மார்ச்சில் பெங்களூருவுக்கே போய் பெங்களூரு எஃப்சியை 3-2 என்று சாய்த்தோம். மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு கோல்களை யாரும் மறந்திருக்க முடியாது. கேப்டனாக நின்ற ஹென்ரிக் செரேனோ அதோடு கிளம்பினார். அடுத்த சீசனில் பத்து அணிகளில் பத்தாவது இடம், மொத்தமே 9 புள்ளி. இந்த வீழ்ச்சி முழுவதையும் டிரான்ஸ்ஃபர் தலையில் கட்டுவது நியாயமாகாது. நடுக்களத்தைத் தாங்கிய வியாசர்பாடி தனபால் கணேஷ் காயத்தால் ஆடவே முடியாமல் போனதும் ஒரு காரணம். ஆனால் ஒருவர் காயம்பட்டால் கடைசி இடத்துக்குப் போகும் அணி எப்படிக் கட்டப்பட்டது என்று கேட்கத்தான் வேண்டும்.

மூன்றாவது முறை இதைவிட மோசம். 2019-20 சீசன் நடுவில் பொறுப்பேற்ற ஓவன் காய்ல், அடிமட்டத்தில் கிடந்த அணியை இறுதிப்போட்டிவரை இழுத்துவந்தார். கொரோனாவால் ரசிகர்களை விடாமல் பூட்டிய மைதானத்தில் கொல்கத்தாவின் ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றோம். 15 கோல் போட்டு தங்கக் காலணி வாங்கிய லித்துவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ் நம்மிடம் இருந்தார், பயிற்சியாளரும் இருந்தார். அந்தக் கோடையில் இருவரும் ஜம்ஷெட்பூர் போய்ச் சேர்ந்தார்கள். அதன் பிறகு தொடர்ந்து மூன்று சீசன் நாம் எட்டாம் இடத்திலேயே குடியிருந்தோம்.

அந்த நேரத்தில், லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கும் அணிக்கான ஷீல்டு எங்கெங்கே போனது என்று பாருங்கள். 2021-22-இல் ஜம்ஷெட்பூர், பயிற்சியாளர் ஓவன் காய்ல். 2022-23-இல் மும்பை சிட்டி. அந்த சீசனின் சிறந்த வீரர் லாலியன்சுவாலா சாங்டே, 2022 ஜனவரிவரை நம்ம பையன். 2023-24-இல் மோகன் பகான். அந்த நடுக்களத்தில் அனிருத் தாபா, 2016-இல் பதினெட்டு வயதில் நம்மிடம் வந்து, கேப்டனாகி, 2023 கோடையில் போனவர். அடுத்தடுத்த மூன்று ஷீல்டிலும் சென்னையை விட்டுப் போன ஒருவரின் கை இருக்கிறது. இதைத் தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. திறமையைக் கண்டுபிடிக்க இந்தக் கிளப்புக்குத் தெரிகிறது. வைத்துக்கொள்ளத்தான் தெரியவில்லை.

போனவர்கள்மேல் நமக்கு வருத்தமில்லை. கால்பந்து வீரனின் சம்பாத்திய காலம் பத்து, பன்னிரண்டு வருடம்தான். கொல்கத்தா கூடுதலாகத் தருகிறது என்றால் அவன் போவான், போகத்தான் வேண்டும். ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்போடு பேச ஃபிஃபா விதி இடம் தருகிறது. அதனால் ஒப்பந்தம் கடைசி வருடத்தை எட்டும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிர்வாகத்துக்குப் பேரம் பேச எதுவும் மிஞ்சுவதில்லை. இருபது, இருபத்தோரு வயதில் ஒரு பையன் நன்றாக ஆடினால், இரண்டு வருடம் பாக்கியிருக்கும்போதே கூப்பிட்டுச் சம்பளத்தை உயர்த்தி மறுகையெழுத்து வாங்க வேண்டும். அப்படிச் செய்தும் அவன் போகிறான் என்றால், வாங்குகிறவன் உரிய விலையைக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

நம் பெரிய குறை வேறு. காரைக்குடியை ஒட்டிய கண்டனூர் நமக்குத் தூரமில்லை. அந்த ஊர்ப் பையன் சிவசக்தி நாராயணன். முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயனிடம் பயின்று வளர்ந்த அவனைப் பெங்களூரு எஃப்சி எடுத்துக்கொண்டது. 2022 டூரண்ட் கோப்பை இறுதிப்போட்டியில் மும்பைக்கு எதிராக முதல் கோல் அவனுடையது. அந்த சீசன் ஐஎஸ்எல்லின் வளரும் வீரர் விருதும் அவனுக்கே. சென்னைக்காரர் நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்கால் சட்டையில் அடித்த ஒரே கோல், மோகன் பகானிடம் தொடர்ந்து எட்டு டெர்பி தோற்றிருந்த அந்தக் கிளப்பின் மானத்தைக் காத்தது. கன்னியாகுமரிக் கடற்கரை மைக்கேல் சூசைராஜ், 2020 இறுதிப்போட்டியில் நம்மைத் தோற்கடித்த ஏடிகே அணிக்காரர். தமிழ்நாட்டுக் கால்களில் திறமை இருக்கிறதா என்ற கேள்விக்கு மற்ற மாநிலக் கிளப்புகள் எப்போதோ பதில் சொல்லிவிட்டன. நாம் மட்டும் பிரேசிலிலும் ஸ்காட்லாந்திலும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மண்ணின் மைந்தன் என்பதற்காக ஆடத் தெரியாதவனை இறக்கச் சொல்லவில்லை. சென்னை சிட்டி எஃப்சி 2019 மார்ச்சில் கோயம்புத்தூரில் ஐ-லீக் கோப்பையை எடுத்தபோது, பெத்ரோ மான்சி என்ற ஸ்பெயின்-உருகுவே கோல்காரர் 21 கோல் போட்டார். எட்வின் சிட்னி வன்ஸ்பால் போன்ற நம்மூர் ஆட்களும் அவருக்கு ஈடாக ஓடினார்கள். வெளியாளும் உள்ளூராளும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கண்முன்னே இருந்த சாட்சி அந்த அணி. அதையும் ஓரிரு வருடத்தில் பிரித்து மேய்ந்துவிட்டார்கள், இன்று அந்தக் கிளப் லீக்கிலேயே இல்லை. சென்னையின் எஃப்சிக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. 2018-இல் சென்னையில் கோவாவை 3-0 என்று நொறுக்கிய அரையிறுதியில் நம் முன்கள வீரர் ஜெஜெ இரண்டு கோல் போட்டார். மற்றொன்றைப் போட்டது தனபால் கணேஷ். நேரு விளையாட்டரங்கம் அன்றைக்கு எழுப்பிய சத்தம் எந்த வெளிநாட்டு நட்சத்திரத்துக்கும் கிடைத்ததில்லை என்று அந்த ஆட்டத்தைப் பார்க்கப் போனவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2014-இல் ஐஎஸ்எல் தொடங்கியபோது களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். பிறகு ஐந்தானது, 2021-22 முதல் நான்கு. அதாவது பதினொரு பேரில் ஏழு பேர் இந்தியர்கள். ஆட்டத்தை முடிவு செய்வது இனி அந்த ஏழு இடங்களின் தரம்தான். கோடை முழுக்க வெளிநாட்டு முன்கள ஆட்டக்காரர் யார் என்ற ஊகத்திலேயே ரசிகர்களைத் தொங்கவிடும் கிளப், இந்தியப் பின்களத்துக்கு ஆள் தேடக் கடைசி வாரத்தில்தான் கிளம்புகிறது என்ற எண்ணம்தான் நமக்கு. 2023-24-இல் ஆறாம் இடம்பிடித்து பிளேஆஃப் போன அணி, அடுத்த சீசனில் பதினொன்றாம் இடத்துக்கு இறங்கியது. திரும்ப அழைத்துவரப்பட்ட அதே காய்ல்தான் அப்போதும் பயிற்சியாளர். பழைய ஆளைக் கூட்டிவந்தால் பழைய அணி வந்துவிடாது.

பணம் எங்கே என்று நிர்வாகம் கேட்கும். கேட்பதில் நியாயமும் உண்டு. 2025 ஜூலையில் ஐஎஸ்எல்லே நிறுத்திவைக்கப்பட்டது. இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் டிசம்பரில் காலாவதியாகவிருந்த நிலையில், புதுப்பிப்பதற்கான பேச்சு இழுபறியானதில் சீசனே தொங்கியது. சுருங்கிய வடிவில் 2026 பிப்ரவரியில்தான் பந்து உருண்டது. வருமானம் எப்போது வரும் என்று தெரியாத நிலையில் யாரிடம் நீண்ட ஒப்பந்தம் போடுவது? சரி. ஆனால் கையில் காசு குறைவாக இருக்கும்போதுதானே உள்ளூர்ப் பையன்களை வளர்ப்பது லாபம்? முப்பத்து மூன்று வயது வெளிநாட்டவர் ஒருவருக்கு ஒரு சீசனுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் எத்தனை பயிற்சியாளர்களை மாவட்டங்களுக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்களா?

ஸ்பெயினில் பில்பாவோ அத்லெடிக் கிளப் பாஸ்க் மண்ணில் பிறந்த அல்லது அங்கே கால்பந்து பழகிய வீரர்களைத்தான் சேர்த்துக்கொள்ளும். அந்த நிலத்தின் மக்கள்தொகை சுமார் முப்பது லட்சம். லா லிகா தொடங்கிய 1929 முதல் ஒருமுறைகூடக் கீழ்நிலை லீக்குக்கு இறங்காத மூன்று அணிகளில் அது ஒன்று, மற்ற இரண்டும் ரியல் மாட்ரிட், பார்சிலோனா. 2024-இல் நாற்பது வருடத்துக்குப் பின் ஸ்பெயின் அரசர் கோப்பையையும் வென்றது. அந்தக் கொள்கையை அப்படியே கொண்டுவரச் சொன்னால் சிரிப்பார்கள். ஏழு கோடிப் பேர் வாழும் மாநிலத்தின் அணியில் ஐந்து தமிழ்நாட்டு வீரர்கள், அவர்களில் இரண்டு பேராவது தொடக்கப் பதினொருவரில் என்று கேட்பதில் சிரிக்க ஒன்றுமில்லை.

சென்னையின் எஃப்சி செய்ய வேண்டியது இதுதான். டிரான்ஸ்ஃபர் சந்தை திறக்கும் முன்பே, வரும் சீசனுக்கும் அதற்கடுத்ததற்கும் கலைக்காமல் வைத்துக்கொள்ளப் போகிற ஆறேழு இந்திய வீரர்களின் பெயரை அறிவிக்க வேண்டும். கேப்டனை விற்பதாக இருந்தால் காரணத்தை ரசிகர்களுக்குச் சொல்ல வேண்டும். சீசன் டிக்கெட் வாங்கி பி ஸ்டாண்டில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறவனுக்கு அந்த மரியாதையாவது கிடைக்கட்டும். தேர்வு முகாம்கள் சென்னையோடு நிற்கக்கூடாது. சிவகங்கை, புதுக்கோட்டை, கன்னியாகுமரி என்று ஆள் கிடைக்கும் இடங்களுக்குக் கிளப்பே வர வேண்டும். பதினைந்து வயதுப் பையனை ராத்திரி பஸ்ஸில் ஏற்றி, முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்யவைத்து, காலையில் இருபது நிமிடம் ஆடவிட்டுத் திருப்பி அனுப்புவது தேர்வாகாது. புதுக்கோட்டையில் மாவட்ட விளையாட்டரங்கம் இருக்கிறது. இந்தக் கோடையிலேயே ஒரு வாரம் அங்கே முகாம் போடட்டும். ஆலங்குடியிலிருந்து டவுன் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.