எலும்பு முறிவுக்குப் பணம் உண்டு, பயிற்சிக்கு இல்லையா?

அமெரிக்காவின் 2026 நிதியாண்டுக்கான வரவு-செலவுத் திட்ட முன்மொழிவு, முதியோர் கீழே விழுவதைத் தடுக்கும் பயிற்சி வகுப்புகளுக்கு மத்திய அரசு வழங்கிவந்த தனி ஒதுக்கீட்டை அடியோடு நீக்கப் பரிந்துரைத்திருப்பது, சிக்கனத்தின் பெயரால் எடுக்கப்பட்ட பொறுப்பற்ற முடிவாகும். அந்த ஒதுக்கீடு ஆண்டொன்றுக்கு ஒரு கோடி டாலரைக்கூட எட்டாதது. முதியோர் விழுவதால் அந்நாட்டுக்கு ஏற்படும் மருத்துவச் செலவோ 2015-இல் சுமார் 5,000 கோடி டாலராகவும், 2020-இல் சுமார் 8,000 கோடி டாலராகவும் கணக்கிடப்பட்டது.

அங்கு 65 வயதைக் கடந்தவர்களில் நால்வரில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழுகிறார். வயது ஏற ஏறத் தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் மெலிவதும், உடல் சாயும் கணத்தில் காலை எடுத்துவைத்து நிலைகொள்ளும் வேகம் குறைவதும் இதற்கு முதன்மையான காரணங்கள்; ஒருமுறை விழுந்தவர் அச்சத்தால் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ள, தசை மேலும் நலிந்து, மறுபடி விழும் வாய்ப்பு கூடுகிறது. கால்களை நெருக்கி வைத்து நிற்பது, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவது, கைப்பிடியின் துணையைப் படிப்படியாக விலக்குவது எனக் கடினத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்லும் சமநிலைப் பயிற்சி இந்தச் சுழலை உடைக்கிறது. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் 108 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்து, உடற்பயிற்சி விழும் நிகழ்வுகளை ஏறத்தாழ 23 விழுக்காடு குறைக்கிறது என்று கண்டது. வெறும் நடைப்பயிற்சியே போதும் என்ற பரவலான நம்பிக்கைக்கு அத்தொகுப்பில் உறுதியான சான்று கிடைக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. ஒரிகன் மாநிலத்தில் 70 வயதைக் கடந்த 670 பேரிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், மெதுவான தொடர் அசைவுகளைக் கொண்ட தாய் சி என்னும் சீனப் பயிற்சியை வாரம் இருமுறை வகுப்பில் செய்தவர்கள், தசைநீட்டல் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட 58 விழுக்காடு குறைவாக விழுந்தனர்.

இத்தகைய வகுப்பு தானாக நடந்துவிடுவதில்லை. யாருக்கு எந்த அசைவு ஆபத்து என்றறிந்து, ஒவ்வொருவரையும் அவரவர் எல்லைவரை கொண்டுசெல்லத் தெரிந்த பயிற்றுநர் வேண்டும். அவரை உருவாக்கவும், நூலகத்திலும் தேவாலயக் கூடத்திலும் சிற்றூர் முதியோர் மையத்திலும் வகுப்பைத் தொடங்கி நிலைக்கச் செய்யவும் பணம் வேண்டும். நீக்கப் பரிந்துரைக்கப்பட்ட தொகை இந்தப் பணிக்குத்தான் சென்றுகொண்டிருந்தது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், இடுப்பெலும்பு முறிந்தவருக்கு அறுவைச் சிகிச்சைக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் பின்னர் வரும் இயன்முறைச் சிகிச்சைக்கும் பணம் தருகிறது; அந்த எலும்பு முறிவதைத் தடுத்திருக்கக்கூடிய பொது உடற்பயிற்சி வகுப்புக்கு அதன் அடிப்படைத் திட்டம் பணம் தருவதில்லை. முதியோர் விழுவதால் 2015-இல் ஏற்பட்ட மருத்துவச் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கை மெடிகேரும், வறியோருக்கான மெடிகெய்டும் ஏற்றன என்பதால், விழுந்தபின் வரும் செலவு அரசின் கருவூலத்தையே சேர்கிறது. அரசு கூட்டிய நிபுணர் குழுவே 2024-இல், விழும் ஆபத்து மிகுந்த முதியோருக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. ஓராண்டு கழிவதற்குள் அப்பயிற்சிக்கான பணத்தை நிறுத்தச் சொல்பவர்கள் அந்தப் பரிந்துரையைப் படித்தார்களா என்ற கேள்வி எழுகிறது.

இம்முடிவை எடுத்த அதிபர் நிர்வாகத்தினருக்கு இது புதிய வழக்கமும் அன்று. 2017-இல் இதே அதிபரின் நிர்வாகத்தினர் முன்வைத்த திட்டம், சில ஊர்கள் முதியோர் வீடுகளுக்கு உணவு கொண்டுசெல்லப் பயன்படுத்திய சமூக மேம்பாட்டு மானியத்தை ஒழிக்க முயன்றது. முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் சொந்த வீட்டில் வாழத் துணைநிற்பதற்காக 2012-இல் உருவாக்கப்பட்ட துறையைக் கலைத்து அதன் பணிகளைப் பல அலுவலகங்களுக்குப் பிரித்தளிப்பதாக 2025 மார்ச்சில் அறிவித்தனர். அடுத்த சில நாட்களில், ஏழைகளின் வீட்டு வெப்பக் கட்டணத்துக்கு உதவும் திட்டத்தை நடத்திய ஊழியர் அனைவரையும் நீக்கினர். காயங்கள் பற்றிய தேசியத் தரவுகளைத் திரட்டி வெளியிட்ட குழுவையும் வீட்டுக்கு அனுப்பினர். தடுக்கும் வகுப்பின் நிதியை நிறுத்தச் சொல்வதோடு விழுந்தவர்களை எண்ணும் ஏற்பாட்டையும் சிதைப்பவர்கள், தங்கள் முடிவின் விளைவு கணக்கில் ஏறாமல் போகும் நிலையை உருவாக்குகின்றனர். அதைச் சீர்திருத்தம் என்று அழைப்பது பொதுமக்களை ஏமாற்றுவதாகும்.

ஒதுக்கீட்டின் இறுதி அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருப்பதால், அதன் உறுப்பினர்கள் இப்பரிந்துரையை முற்றாக நிராகரித்து, இவ்வகுப்புகளுக்கு நிலையான நிதி கிடைக்க வழிசெய்ய வேண்டும். 2021-இல் மட்டும் அந்நாட்டில் 38,000-க்கும் மேற்பட்ட முதியோர் விழுந்ததால் உயிரிழந்தனர். இந்தப் பரிந்துரையில் கையெழுத்திட்டவர்கள் அந்த எண்ணை முன்வைத்துப் பொதுவெளியில் விளக்கம் அளிக்கக் கடமைப்பட்டவர்கள்.