யாரைக் கேட்டு ஒட்டுக் கேட்கிறார்கள்?

பள்ளிபாளையத்தில் விசைத்தறிச் சத்தம் காதைப் பிளக்கும். அதற்கு நடுவிலும் செல்போன் மணி அடித்தால், தறிக்காரர் வாசலுக்கு ஓடி வந்து பேசுவார். காவிரிக்கு அக்கரையில் ஈரோடு. நூல் விலை, கடன் பாக்கி, மகளுக்கு வந்த வரன் எல்லாம் அந்தப் போனில்தான்.

அதை மூன்றாவது ஆள் ஒருவர் கேட்டால்?

கேட்கலாம்! வெள்ளைக்காரன் 1885-ல் போட்ட தந்திச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. பாராளுமன்றம் 2023-ல் நிறைவேற்றிய தொலைத்தொடர்புச் சட்டமும் இடம் கொடுக்கிறது. நாட்டுப் பாதுகாப்பு, பொது அமைதி போன்ற காரணம் இருக்க வேண்டும். உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவர் உள்துறைச் செயலாளர். அது சரிதானா என்று பிறகு பார்ப்பது மூன்று செயலாளர்கள் கொண்ட குழு. போடுகிறவரும் அதிகாரி, பார்க்கிறவர்களும் அதிகாரிகள். நீதிபதி எங்கே? இல்லை.

திருட்டு வழக்கில் ஒருவனைக் கைது செய்தால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும். ஒட்டுக் கேட்கப்படுகிறவருக்கோ விஷயமே தெரியாது. தெரியாதவர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

மத்திய அரசாங்கம் மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 உத்தரவுகள் போட்டதாக முன்பு ஒரு தகவல் வெளிவந்தது. 2018-ல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு அதை எடுத்துச் சொன்னது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கூடும் அதிகாரிகள், ஒரே கூட்டத்தில் 15 ஆயிரத்துக்கு மேற்பட்ட உத்தரவுகளைப் பார்த்தாக வேண்டும். காபி குடிக்கக் கூட நேரம் இருக்காது!

தவறு நடப்பதில்லையா? 1988-ல் டெலிபோன் ஒட்டுக் கேட்ட விவகாரத்தில் கர்நாடக முதல்-மந்திரி ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். 2011-ல் போட்ட ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவைச் சென்னை ஐகோர்ட்டு 2025-ல் ரத்து செய்தது. நடுவில் 14 வருஷம்!

நீதிபதியின் முன் அனுமதி வேண்டும் என்று 1996-லேயே சுப்ரீம் கோர்ட்டில் கேட்டார்கள். சட்டத்தில் அதற்கு வழி இல்லை என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. அப்படியானால் வழி செய்ய வேண்டியது பாராளுமன்றம். 2023-ல் புதுச் சட்டம் வந்தபோதும் செய்யவில்லை.

பள்ளிபாளையம் மக்கள் ஓட்டுப் போடுவது ஈரோடு பாராளுமன்றத் தொகுதியில். ஓட்டுக் கேட்டு வருகிற தலைவரிடம் சாயத் தண்ணீர், கரண்டு கட்டணம் பற்றிக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். இந்த ஒட்டுக் கேட்பதைப் பற்றியும் கேட்கலாம்.

"பயங்கரவாதியைப் பிடிக்க வேண்டாமா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். பிடிக்கத்தான் வேண்டும். நீதிபதி தடுக்கவா போகிறார்? அமெரிக்காவில் 1968-ம் ஆண்டுச் சட்டப்படி போலீசார் நீதிபதியிடம் உத்தரவு வாங்குகிறார்கள். பிரிட்டனில் மந்திரி கையெழுத்துப் போட்டாலும் நீதிபதி சம்மதிக்க வேண்டும் என்று 2016-ல் சட்டம் செய்தார்கள். தலைபோகிற அவசரம் என்றால், முதலில் கேட்டுவிட்டு உடனே நீதிபதியிடம் போகவும் வழி வைக்கலாம்.

மந்திரியாக இல்லாத எம்.பி.யும் தனி நபர் மசோதா கொண்டுவரலாம். எந்தக் கூட்டத் தொடரில் கொண்டு வருவீர்கள் என்று அவரிடம் தேதி கேட்க வேண்டும்.