அங்குலக் கோலால் அளந்த ஒழுக்கம்

"கலி முற்றிவிட்டது!" என்று ஆசிரியர் அறையிலே கையை உதறினார் நம் மூத்த நண்பர் ஒருவர். அவர் கையிலிருந்த கைப்பேசியில் ஒரு படம். 2022 நவம்பர் 26 அன்று, ஆஸ்திரேலிய நாட்டுச் சிட்னி நகரின் பாண்டைக் கடற்கரையில், தோல் புற்றுநோய் பற்றிய விழிப்புணர்ச்சிக்காக, ஸ்பென்சர் டூனிக் என்னும் புகைப்படக் கலைஞரின் அழைப்பை ஏற்று ஏறத்தாழ 2,500 பேர் விடியற்காலையில் ஆடையின்றி நின்ற படம். நண்பர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே கண்ணை மூடிக்கொண்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். "அந்த ஊரில் இதற்கென்றே தனிக் கடற்கரைகள் உண்டாமே! சட்டமே இடங்கொடுக்கிறதாமே! இதுவா நாகரிகம்?" என்று கேட்டார்.

கேள்வி நன்று. விடை கூறுவோம்.

சிட்னித் துறைமுக வாயிலிலே, சவுத் ஹெட் என்னும் முனையின் உட்புறத்தில், பாறைச் சரிவின் அடியிலே கிடக்கும் சிறு மணல்திட்டு, லேடி பே. அதற்கு அண்மையிலே கேம்ப் கோவ் என்னும் குடா. 1788 சனவரி 21 அன்று ஆர்தர் பிலிப் தலைமையில் வந்த வெள்ளையர் படகு ஒதுங்கிய கரை அது. அன்று அந்நிலத்துக்கு உரியவர்களான பழங்குடி மக்கள் எந்த உடையுடன் இருந்தார்கள்? உடையே இல்லாமல் இருந்தார்கள்! கடலும் அவர்களைக் கண்டு வெட்கப்படவில்லை. கதிரவனும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வெட்கத்தையும் கப்பலிலே ஏற்றி வந்தவன் வெள்ளையன்.

வந்தவன் என்ன செய்தான்? 1838ஆம் ஆண்டிலே சட்டம் போட்டான்: காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை, பொதுமக்கள் கண்ணில் படும் இடத்தில் எவரும் கடலில் குளிக்கக்கூடாது! கடலைப் பார்க்கலாம், காற்று வாங்கலாம், கவிதை பாடலாம். ஆனால் கால் நனைத்துக் குளித்தால் குற்றவாளி! வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகையாளர் 1902இல், மேன்லிக் கடற்கரையில், பட்டப்பகலில் இறங்கப்போகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு இறங்கினார். மறு ஆண்டே, கழுத்து முதல் முழங்கால் வரை மூடிய உடையுடன் நாள் முழுதும் குளிக்கலாம் என மேன்லி நகர மன்றம் பணிந்தது.

பண்பு காப்போர் அத்துடன் ஓய்ந்தார்களா? 1907இல் ஆண்களும் பாவாடை போன்ற உடை உடுத்தே நீராட வேண்டும் என்று நகர மன்றத் தலைவர்கள் சிலர் திட்டமிட்டனர். கடற்கரை இளைஞர்கள் கல்லெறியவில்லை, கதறவில்லை. பெண்களின் பாவாடைகளை உண்மையாகவே உடுத்திக்கொண்டு ஊர்வலம் வந்தார்கள்! ஊர் சிரித்தது; திட்டம் செத்தது. அந்த ஊர்வலத்தைக் காணக் கொடுத்துவைக்கவில்லையே என்ற ஏக்கம் நமக்கு இன்றும் உண்டு.

பிறகு வந்தார் ஸ்பூனர் என்ற அமைச்சர். 1935இல் அவர் விதித்த விதிப்படி, குளியல் உடையின் கால் பகுதி குறைந்தது 3 அங்குல நீளம் இருக்கவேண்டும். மார்பு அக்குள் வரை மூடப்பட்டிருக்கவேண்டும், ஆண்களுக்கும்! பாண்டைக் கரையிலே ஆப் லெய்ட்லா என்னும் கண்காணிப்பாளர், பிகினி அணிந்த பெண்களைக் கரையை விட்டே வெளியேற்றினார். 3 அங்குலம் இருந்தால் உத்தமி, இரண்டரை அங்குலமானால் ஒழுக்கங்கெட்டவளா? அரை அங்குலத் துணியிலா தொங்குகிறது கற்பு? 1961இல் அந்த விதி ஒழிந்தது. 1976இல் நெவில் ரான் அரசு, லேடி பேயிலும் ரீஃப் பீச்சிலும் விரும்புவோர் ஆடையின்றிக் குளிக்கலாம் என்றது. (ரீஃப் பீச்சுக்குத் தந்த உரிமையைப் பின்னர்த் திரும்பப் பெற்றனர். தந்த கை எடுக்கவும் செய்யும்!) இன்று லேடி பே போலவே கோப்ளர்ஸ், ஆபிலிஸ்க் ஆகிய கரைகளிலும் இது சட்டத்துக்கு உட்பட்டதே.

விரும்புவோர் என்ற சொல்லை நண்பர் கவனிக்கவில்லை. உடுத்திக்கொண்டு போகிறவரை அங்கே எவரும் விரட்டுவதில்லை. அருவருப்பான செயல் அங்கும் குற்றமே. சட்டம் ஒப்பியது ஆடையின்மையை, அத்துமீறலை அன்று. விரும்பாதவர்க்குச் சிட்னியில் வேறு கரைகள் ஏராளம்.

ஆடை துறப்பதே விடுதலை என்று நாம் பறைசாற்ற வரவில்லை. அங்கே போவோர் அனைவரும் அப்பழுக்கற்றவர் என்று சான்றிதழ் எழுதவும் வரவில்லை. வெறித்துப் பார்க்கும் கண்கள் எல்லாக் கரையிலும் உண்டு. அக்கரைக்குப் போகும் துணிவு நமக்கே இருக்குமா என்பதும் ஐயந்தான். நாம் கேட்பது ஒன்றே: உடல் ஒருவருடையது, ஆணை மற்றவருடையதா?

தெற்கே பாருங்கள். திருவிதாங்கூர் அரசில், இன்றைய குமரி மாவட்டப் பகுதியில், நாடார் குலப் பெண்கள் மேலாடை உடுத்தியதற்காக அடிபட்டார்கள். அவர்கள் சேலை கிழித்தெறியப்பட்டது. பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின், 1859 சூலையில்தான் மார்பை மறைத்துக்கொள்ள மன்னர் அனுமதித்தார். அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாதென்ற நிபந்தனையுடன்! இங்கே மூடியது குற்றம். சிட்னியில் மூடாதது குற்றம். ஆணைகள் எதிரெதிர், ஆணையிட்ட ஆணவம் ஒன்றே. அன்று கிழித்தவனும் பண்பாடு என்றுதான் சொன்னான். பின்னர் அளந்தவனும் பண்பாடு என்றுதான் சொன்னான்.

இதைச் சொன்னபோது நண்பர், "நம் மரபு வேறு" என்றார். சென்ற கோடை விடுமுறையில், சிரவணபெளகுளக் குன்றின்மேல் 57 அடி உயரத்தில் ஆடையின்றி நிற்கும் கோமடேசுவரரைக் குடும்பத்துடன் கண்டு வணங்கி வந்தவர் அவர்! கல்லாக இருந்தால் தெய்வம், உயிரோடு இருந்தால் ஆபாசமா என்று கேட்டோம். தேநீர் ஆறிவிட்டதாகச் சொல்லி எழுந்தார்.

எழுந்தவரை நாம் விடவில்லை. ஏனெனில் வழக்கு சிட்னியைப் பற்றியதன்று. எட்டாம் வகுப்பிலே ஒரு பெண் படிக்கிறாள். கிணற்றிலே நீந்திப் பழகியவள். சுடிதாருடனே குதித்து, அண்ணன்மாரை முந்தி வருபவள். மாவட்ட நீச்சற் போட்டிக்கு அவள் பெயரைத் தந்தோம். நீச்சலுடை அணிந்து பலர் முன் நிற்பது குடும்பப் பெண்ணுக்கு அடுக்காது என்று அவள் பெயரை அடித்தவர் இதே நண்பர். அவள் தந்தை சம்மதித்திருந்தார், தாய் சம்மதித்திருந்தாள்; அவளோ உடை வாங்கப் பணமும் சேர்த்து வைத்திருந்தாள். இவரை யார் கேட்டார்கள்? அன்று அவர் கையில் இருந்தது சிவப்பு மைப் பேனா. நமக்குத் தெரிந்ததோ ஸ்பூனரின் அங்குலக் கோல்.

இவ்வாண்டுப் போட்டிக்கான பட்டியல் வரும் வெள்ளிக்கிழமை போகவேண்டும். அதை எழுதும் பொறுப்பை நாம் கேட்டு வாங்கியிருக்கிறோம். முதல் வரியில் அவள் பெயரை எழுதிவிட்டோம்.