ஏட்டில் பதினொரு மொழிகள்

அரசியலமைப்பில் ஒரு மொழியின் பெயர் இடம்பெற்றதும் அம்மொழியாளரின் உரிமை நிலைபெற்றுவிட்டதெனக் கொள்வோர், தென்னாபிரிக்க அறிஞர் நெவில் அலெக்சாந்தரின் வாழ்வைக் கருத்தூன்றி நோக்குதல் வேண்டும். 1936 இல் பிறந்த இவர், யேர்மனியின் ரூபிங்கன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். நிறவெறி அரசை எதிர்த்தமைக்காக 1964 முதல் 1974 வரை ரொபன் தீவிற் சிறையிருந்தவர். நிறவெறி ஆட்சி நீங்கியபின், மொழித்திட்டம் வகுக்க அரசு நியமித்த குழுவுக்குத் தலைமை தாங்கி 1996 இல் அறிக்கை அளித்தார்.

அவ்வாண்டின் அரசியலமைப்பு பதினொரு மொழிகளை அரசகரும மொழிகளாக்கிற்று. ஆயின், எம்மொழிகளிற் கருமமாற்றுவதென்பதை அரசு பயன்பாடு, நடைமுறைச் சாத்தியம், செலவு முதலியவற்றை நோக்கித் தீர்மானிக்கலாமென அதன் 6ஆம் பிரிவு இடமளித்தது. ஆங்கிலம் ஏனையவற்றை ஒதுக்கி மேலோங்குவதற்குச் ‘செலவு’ என்னும் அச்சொல்லொன்றே போதுமானதாயிற்று.

பெற்றோரே ஆங்கிலத்தை விரும்புகின்றனர் என்பது இதற்குக் கூறப்படும் சமாதானம். விரும்புகின்றனர் என்பது மெய்யே. 1953 ஆம் ஆண்டின் பாண்டு கல்விச் சட்டம் தாய்மொழிக் கல்வியைத் தாழ்த்தி வைக்கும் கருவியாக்கிற்று. 1976 இல் ஆபிரிக்கான்ஸ் திணிப்பை எதிர்த்த சுவெற்றோ மாணவர் குண்டுக்கிரையாயினர். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடுமா? ஆயினும் சுட்டது அடுப்பேயன்றிப் பாலன்று. தரங்குறைந்த பாடத்திட்டத்தின் பழியைத் தாய்மொழிமேற் சுமத்துவது எவ்வகை நியாயம்? அலெக்சாந்தர் ஆங்கிலத்தை அகற்றுமாறு கேட்டாரல்லர். தாய்மொழியை அடித்தளமாகக் கொண்டு ஆங்கிலத்தையும் செம்மையாகக் கற்பிக்கும் இருமொழிக் கல்வியையே வேண்டினார். அவரை மறுப்போர் இதனை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

ஆபிரிக்க மொழிகளில் விஞ்ஞானம் பயிற்றவியலாது என்போருக்கு ஆபிரிக்கான்ஸே விடை. சமையலறை மொழியென இகழப்பட்ட அது, 1925 இல் அரசகரும மொழியாகிச் சில பதிற்றாண்டுகளுள் மருத்துவமும் பொறியியலும் பயிற்றும் மொழியாயிற்று. அன்று அள்ளிக் கொடுத்த திறைசேரி, சுலுவும் கோசாவும் கைநீட்டுகையில் மட்டும் வெறுமையாகிவிட்டதா?

அவருடைய கருத்துக்கள் யாவும் ஏற்கத்தக்கனவல்ல. சுலு, கோசா முதலிய நுகூனி மொழிகளுக்குப் பொது எழுத்துமொழி சமைக்கும் யோசனை, அம்மொழிகளைப் பேசுவோரின் பற்றைக் குறைத்து மதிப்பிட்டதாகும். இதனைக் காட்டி ஏனையவற்றையும் தள்ளுவது ஆராய்ச்சியன்று.

அலெக்சாந்தர் 2012 இற் காலமானார். நான்காம் வகுப்பிலிருந்தும் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் தாய்மொழித் துணையுடன் கற்பிக்கும் திட்டம் நாடளாவிய முறையில் தொடங்கப்பட்டது 2025 இலேயே.