சுவரில் தொங்கும் இசை

இசையைக் கருப்பொருளாக அறிவித்துக்கொள்ளும் சிறு விடுதிகள் இன்று பெருநகர விருந்தோம்பலில் ஒரு தனி வகையாகிவிட்டன. வரவேற்பறையில் பழைய இசைத்தட்டுகள், படிக்கட்டுச் சுவரில் கித்தார், அறைக்கதவில் ஒரு பாடகரின் அல்லது இராகத்தின் பெயர் என்று அவ்வகையின் இலக்கணமும் ஏறத்தாழ முடிவாகிவிட்டது. பெங்களூருவில் இரண்டு இரவு தங்கிச் செல்பவர் இத்தகைய அறையை விரும்புவதில் வியப்பில்லை. ஒரே அச்சில் வார்த்த விடுதி அறைகளைக் கண்டு சலித்தவருக்கு இது மாறுதல். எனினும் இசையையும் நகரத்தையும் ஆராய்பவர்கள் கேட்கவேண்டிய வினா வேறு: இசையின் பெயரால் வாடகை பெறும் இடத்தில் இசைஞருக்குக் கிடைப்பது என்ன?

இவ்வகையின் முன்மாதிரிகள் வெளிநாட்டவை. 1971இல் இலண்டனில் உணவகமாகத் தொடங்கிய ஹார்ட் ராக், புகழ்பெற்ற கலைஞர்களின் கருவிகளைச் சுவரில் மாட்டுவதையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. 1995இல் லாஸ் வேகாசில் அதே பெயரில் விடுதியும் எழுந்தது. பெங்களூருவின் செயின்ட் மார்க்ஸ் சாலையில் பழைய கற்கட்டடம் ஒன்றில் அமைந்த ஹார்ட் ராக் உணவகம் அம்மரபின் உள்ளூர்க் கிளை. 2010இல் பெர்லினில் திறக்கப்பட்ட நௌ விடுதி ஒரு படி முன்னே சென்றது. அங்கே தங்குபவர் உணவு கேட்பதுபோலக் கித்தாரையும் அறைக்குக் கேட்டுப் பெறலாம். ஒலிப்பதிவுக் கூடங்களும் விடுதிக்குள்ளேயே உண்டு. மாட்டிவைத்த கருவிக்கும் கையில் தரப்படும் கருவிக்கும் இடையிலுள்ள தொலைவு சிறிதன்று.

பெரும்பாலான விடுதிகள் முதல் படியிலேயே நின்றுவிடுவதற்குக் காரணங்கள் உண்டு. விடுதி அடிப்படையில் உறக்கத்தை விற்கும் தொழில். பக்கத்து அறையின் வாசிப்பு அடுத்த அறையின் புகாராகும். பெங்களூருவில் சட்டமும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் நேரடி இசைக்குழுக்களை உரிமத்துக்கு உட்படுத்தும் ஆணை அந்நகரில் 2005இல் பிறப்பிக்கப்பட்டது. அதனை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியில் ஆணையை உறுதிசெய்தது. அவ்வாண்டே உரிமம் பெறாத பல இடங்களில் நேரடி இசை நின்றது. பதிவுசெய்த பாடலைப் பொதுவிடத்தில் ஒலிக்கச் செய்வதற்கும் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் அவ்வருவாயில் பங்கை உறுதிசெய்தது. சுருங்கச் சொன்னால், ஒலிக்கும் இசைக்கு உரிமமும் செலவும் உண்டு. சுவரில் தொங்கும் கித்தாருக்கு இரண்டும் இல்லை. குடியிருப்பவரின் உறக்கமும் தீப்பாதுகாப்பும் நியாயமான அக்கறைகளே. ஆயினும் இவையெல்லாம் கூடி விளைவிப்பது ஒன்றுதான்: இசையைக் காட்டுவது மலிவாகவும் கேட்கச் செய்வது விலையுயர்ந்ததாகவும் ஆகிவிடுகிறது.

இசையை உருவமாக்குவதே பிழை என்று இதற்குப் பொருளன்று. அதற்குச் சான்றும் பெங்களூருவிலேயே இருக்கிறது. 1980இல் எழுந்த சௌடய்யா நினைவு மண்டபம் வயலின் வடிவிலேயே கட்டப்பட்டது. தந்தியும் வில்லும்கூட முகப்பில் உண்டு. கருப்பொருள் கட்டடம் என்றால் இதைவிட வெளிப்படையான ஒன்றைக் காண்பது அரிது. ஆயினும் அதனை யாரும் வெறும் அலங்காரமாகக் கருதுவதில்லை. ஏறத்தாழ ஆயிரம் பேர் அமர்ந்து கேட்க உள்ளே கச்சேரி நடக்கிறது. அம்மண்டபத்துக்குப் பெயர் தந்த சௌடய்யா, ஒலிபெருக்கி பரவாத காலத்தில் வயலினின் ஒலி கடைசி வரிசைக்கும் எட்டவேண்டும் என்று நான்கு தந்திகளை ஏழாக்கியவர். அவரது அக்கறை கேட்பவரின் செவியைப் பற்றியது. 1905இல் தோன்றிய பெங்களூரு காயன சமாஜமும், 1939 முதல் சாமராஜபேட்டையில் இராமநவமி இசைவிழா நடத்திவரும் இராமசேவா மண்டலியும் அதே அக்கறையின் தொடர்ச்சிகள்.

சுவர்ப்படம் இன்னொன்றையும் செய்கிறது: வரலாற்றின் முரண்களை மழித்துவிடுகிறது. ஊர்ப்பெயரையே முன்னொட்டாகக் கொண்ட பெங்களூர் நாகரத்தினம்மாளின் (1878–1952) படம் எந்த இசை விடுதிக்கும் பொருத்தமாக இருக்கும். தேவதாசி மரபில் வந்த அவர் 1910இல் முத்துபழனியின் ‘ராதிகா சாந்த்வனமு’ காவியத்தைப் பதிப்பித்ததும், ஆங்கில அரசு அதனைத் தடைசெய்ததும், திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையில் பெண்களுக்குப் பாட இடமில்லாதிருந்த நிலையை அவர் எதிர்த்து நின்றதும் படத்தின் கீழுள்ள ஒருவரிக் குறிப்பில் அடங்குமா? பெயரும் பட்டுப்புடவையும் நிற்கும். வழக்கும் உழைப்பும் சட்டகத்துக்கு வெளியே போய்விடும்.

வணிக நிறுவனத்திடம் இவ்வளவு எதிர்பார்ப்பது மிகை என்று வாதிடலாம். வரலாறு அவ்வாதத்துக்கு முழுத் துணை நிற்கவில்லை. 1930களில் பம்பாய் தாஜ் மகால் விடுதி ஜாஸ் குழுக்களை ஊதியம் தந்து அமர்த்தியிருந்தது. அத்தகைய மேடைகளில் வாசித்த கோவா இசைஞர்கள் பலர் பின்னர் இந்தித் திரையிசைக் கூடங்களுக்குச் சென்று, அந்த இசையின் ஒலியையே மாற்றினர். டிரம்பெட் கலைஞர் சிக் சாக்லேட் அவர்களுள் ஒருவர். இலாபத்துக்காகவே நடந்த ஒரு விடுதி, மாதச் சம்பளம் தந்ததன் வழியாக, தான் திட்டமிடாத ஓர் இசை வரலாற்றுக்கும் இடம் தந்தது. சுவரில் மாட்டிய கருவியால் அத்தகைய விளைவு ஏதும் நிகழாது.

ஆகவே இசை விடுதி ஒன்றை மதிப்பிட எளிய அளவுகோல் போதும். வாரத்தில் ஒருநாளேனும் அங்கே ஓர் இசைஞர் ஊதியம் பெற்று வாசிக்கிறாரா? வரவேற்பறையில் ஒலிக்கும் பாடலுக்கு முறையான உரிமத்தொகை செல்கிறதா? வெளியூரிலிருந்து கச்சேரிக்கு வரும் கலைஞருக்குக் குறைந்த வாடகையில் ஓர் அறையேனும் ஒதுக்கப்படுகிறதா? இவற்றுள் எதற்கும் பெருமுதலீடு தேவையில்லை. நேரடி இசையைச் சிறிய அளவில், குறித்த நேரத்துக்குள், ஒலி வெளியேறாத அறையில் நடத்துவோருக்கு எளிய உரிமமுறை ஒன்றை நகர நிருவாகம் வகுப்பதும் இயலாததன்று.

நகரப் பண்பாடு பற்றிய ஆய்வேடுகள் இத்தகைய இடங்களின் உள்ளலங்காரத்தையும் விளம்பரச் சொற்களையும் நுணுகி வாசிக்கின்றன. அதே நுணுக்கத்தோடு அவற்றின் ஊதியப் பட்டியலையும் வாசிக்கத் தொடங்கினால், சமையலர், காவலர், வரவேற்பாளர் என்று நீளும் அப்பட்டியலில் இசைஞர் என்ற சொல் இருக்கிறதா என்பது தெரியவரும். பெங்களூருவின் இசையியல் மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் முடித்துவிடக்கூடிய களப்பணி அது.