பெரிய லென்ஸ் பெருமைக்கு, சின்ன லென்ஸ் பிழைப்புக்கு!



வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, பெயர் சூட்டு விழா என்று வீட்டு விசேஷங்களைப் படம் எடுக்கிற வேலைக்கு இப்போது நம் பெண்களும் வந்துவிட்டோம். நலங்கு வைக்கிற அறைக்குள் ஆம்பளை போட்டோகிராபர் வேண்டாம் என்று நினைக்கிற வீடுகளில் நம்மைத்தான் கூப்பிடுகிறார்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டு மாதத்தில் இரண்டு, மூன்று விசேஷம் எடுத்தாலும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு ஆகும்.

போன வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி வந்தாள். "அக்கா, சீட்டுப் பணம் எடுத்திருக்கேன். கேமராவோட வந்த லென்ஸ் மட்டும்தான் இருக்கு. அடுத்து எதை வாங்கட்டும்? கடைக்காரர் பெருசா ஒண்ணு காட்டுறார்" என்றாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் நான் ஒருமுறை சூடுபட்டவள்.

நாலு வருஷத்துக்கு முன் என் இரண்டு வளையலை அடகு வைத்து, வீட்டுக்காரரோடு கடைக்குப் போனேன். படம் எடுக்கப் போகிறவள் நான். கடைக்காரரோ என் பக்கம் திரும்பவே இல்லை. "சார், இந்த 70-300ஐ எடுத்துக்கங்க. எவ்வளவு தூரத்துல நின்னாலும் முகத்தைப் பக்கத்துல இழுத்துட்டு வந்துடும். இதைத் தூக்கிட்டு மண்டபத்துல நின்னாலே ஒரு மரியாதை" என்றார். இவரும் தலையாட்டினார். எனக்கு ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. நீளமான லென்ஸ்தான் நல்ல லென்ஸ் என்று நானும் நம்பினேன்.

முதல் விசேஷம் பக்கத்து வீட்டு அக்கா மகளின் வளைகாப்பு. பத்துக்குப் பன்னிரண்டு அடி கூடம். அதில் இருபது, இருபத்தைந்து பெண்கள். என் முதுகு சுவரில் முட்டிக்கொண்டு நிற்க, புது லென்ஸில் பார்த்தால் அந்தப் பெண்ணின் நெற்றியும் மூக்கும்தான் தெரிகிறது. தட்டு இல்லை, வளையல் இல்லை, சுற்றி நிற்கிற சொந்தம் இல்லை. அவசரமாகக் கழற்றிவிட்டுப் பழைய 18-55ஐ மாட்டினேன். சாயங்கால நேரம், ஒரே ஒரு டியூப் லைட். வெளிச்சம் போதவில்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தவர்கள் சரியாக விழுந்தார்கள். அசைந்த கை எல்லாம் கலங்கிப் போனது.

அந்த வீட்டுப் பாட்டிக்கு எண்பதைத் தாண்டிய வயது. நடுங்குகிற கையால் பேத்திக்கு வளையல் போட்டு, கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். அதை ஒன்பது படம் எடுத்தேன். ஒன்பதும் மங்கல். அடுத்த மார்கழியில் பாட்டி போய்விட்டார்கள். "பாட்டி வளையல் போடுற படம் இருக்கா, பிரேம் போடணும்" என்று அக்கா கேட்டு வந்தபோது, கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. "பரவால்லடி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகுதான் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு விஷயத்தைக் கற்றுக்கொண்டேன். லென்ஸின் மேல் இரண்டு விதமான எண் போட்டிருக்கும். ஒன்று மி.மீ. கணக்கு, எவ்வளவு அகலமாக அல்லது எவ்வளவு கிட்டத்தில் காட்டும் என்பது. இன்னொன்று எஃப் எண். எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் என்பது. இந்த எஃப் எண் சின்னதாக இருந்தால் வாசல் பெரியது என்று அர்த்தம். கேமராவோடு வருகிற 18-55 லென்ஸ் பெரும்பாலும் 3.5-இலிருந்து 5.6 வரை. கிட்டத்தில் இழுக்க இழுக்க 5.6-க்குப் போய்விடும். எஃப் 2.8 லென்ஸ் அதைவிட நாலு மடங்கு வெளிச்சம் விடும். எஃப் 1.8 கிட்டத்தட்ட பத்து மடங்கு!

பத்து மடங்கு என்றால் என்ன லாபம்? 5.6-இல் ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரம் கேமராவின் கண் திறந்திருக்க வேண்டிய இடத்தில், 1.8-இல் இருநூறில் ஒரு பங்கு நேரம் போதும். இருபதில் ஒரு பங்கில் ஆரத்தி சுற்றுகிற கை கலங்கிவிடும். இருநூறில் ஒரு பங்கில் பெரும்பாலும் நிற்கும். ஐஎஸ்ஓவைக் கூட்டலாமே என்பீர்கள். கூட்டலாம்தான். அளவுக்கு மீறினால் முகமெல்லாம் ரவை கொட்டினது போல் ஆகிவிடும்.

அடுத்தது மி.மீ. நம்மைப் போலத் தொடங்குகிறவர்கள் வாங்குகிற கேமராக்களில் பெரும்பாலும் சென்சார் சின்னது. அதனால் 50 லென்ஸை மாட்டினால், அந்தக் காலத்து பிலிம் கேமராவில் 75, 80 மாட்டினது போலக் கிட்டத்தில் காட்டும். மண்டபத்தில் சரி; வீட்டுக் கூடத்தில் பின்னால் போக இடம் இருக்காது. 35 லென்ஸ்தான் அந்தக் கேமராக்களில் பழைய 50 போல வேலை செய்யும்.

ஆகவே என் கருத்து இதுதான். கையில் 18-55 இருக்கிறது, எடுக்கப் போவது வீட்டு விசேஷங்கள் என்றால், முதலில் 35 மி.மீ. எஃப் 1.8 வாங்குங்கள். பெரும்பாலும் மண்டபத்தில்தான் வேலை என்றால் 50 எஃப் 1.8. பணம் தாராளமாக இருந்தால் 17-50 எஃப் 2.8 போன்ற ஜூம் மிக வசதி. ஆனால் விலை அதிகம், அதற்காகக் கடன் வாங்காதீர்கள். நீள லென்ஸ் கடைசி. பள்ளி ஆண்டு விழாவில் தூரத்து மேடையை எடுக்க அது உதவும். அங்கேயும் விளக்கை அணைத்துவிட்டால் திண்டாட்டம்தான்.

18-55ஐ விற்றுவிடாதீர்கள். எஃப் 1.8-இல் எடுத்தால் ஒரு வரிசை தெளிவாக இருக்கும், பின்வரிசை மங்கிவிடும். மூன்று வரிசையாகக் குடும்பம் நிற்கிற படத்துக்கு 5.6, 8 என்று வைத்து, பிளாஷை வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்புகிற மாதிரி அடிக்க வேண்டும். அதற்குப் பழைய லென்ஸே போதும்.

35-ஆ, 50-ஆ என்று குழப்பமா? காசு செலவில்லாமல் ஒரு வழி இருக்கிறது. 18-55ஐ 35-இல் வைத்து, திருகு நகராமல் செல்லோடேப் ஒட்டுங்கள். சொந்த வீட்டு விசேஷம் ஒன்றை முழுக்க அதிலேயே எடுங்கள். அடுத்ததை 50-இல் எடுங்கள். உங்கள் முதுகு சுவரில் முட்டுகிறதா இல்லையா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கடையில் மூன்று விஷயம் கேளுங்கள். என் கேமராவின் வாய்க்குப் பொருந்துமா? தானாக போகஸ் ஆகுமா? (சில பழைய லென்ஸ்களில் மோட்டார் இருக்காது, அது சின்ன கேமராக்களில் கையால்தான் திருக வேண்டும்.) பழைய லென்ஸாக இருந்தால், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல் போலத் தெரிந்தால் அது பூஞ்சை. வாங்காதீர்கள்.

"போனிலேயே எடுக்கலாமே, எதுக்கு இத்தனை செலவு?" என்று என் மாமியார் கேட்டார்கள். பகலில் போன் நன்றாகத்தான் எடுக்கிறது. ராத்திரியில், ஒரு டியூப் லைட்டில், அசைகிற கையை எடுக்கத்தான் இந்தச் செலவு. விசேஷம் முடிந்தபின் யாரிடமும் "இன்னொரு தடவை வளையல் போடுங்க" என்று கேட்க முடியாதே!

என் 70-300 மூன்றே முறைதான் வெளியே வந்தது. அதைப் பாதி விலைக்கு விற்று 35ஐ வாங்கினேன். அடகு வளையல் திரும்பி வர பதினாலு மாதம் ஆனது. என் வீட்டுக்காரரை நான் குறை சொல்லவில்லை. நான் நிற்கப் போகிற கூடம் எத்தனை அடி என்று எனக்குத்தான் தெரியும். நான்தான் வாய் திறந்திருக்க வேண்டும். கல் சட்டி வாங்கும்போது நாமே தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? லென்ஸ் வாங்கும்போது மட்டும் ஏன் ஒதுங்கி நிற்கிறோம்?

எங்கள் தெருப் பெண் சனிக்கிழமை கடைக்குப் போகிறாள். கூடத்தின் அளவைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.